பேச்சாளரின் ‘டாக்டர்’ பட்டம் உண்மையா?

பட்டம் தந்த நிறுவனத்தின் அங்கீகாரத்தை முதலில் பாருங்கள். படைப்புவாதம் (உயிர்கள் பரிணாமத்தால் அல்ல, கடவுளின் நேரடிப் படைப்பால் வந்தவை என்ற கொள்கை) பேசுபவர் தன்னை ‘டாக்டர்’ என்கிறார், எங்கே படித்தார் என்பது மட்டும் பிடிபடவில்லை என்றால், பெரும்பாலும் அது அங்கீகாரமற்ற கல்லூரியின் பட்டமாகவோ கௌரவப் பட்டமாகவோ இருக்கும். அமெரிக்கப் படைப்புவாதப் பிரசாரகர் கென்ட் ஹோவிண்டின் முனைவர் பட்டம் அப்படித்தான்: அங்கீகாரமில்லாத பேட்ரியாட் பைபிள் பல்கலைக்கழகம் தந்தது, துறையோ கிறிஸ்தவக் கல்வி.

1. அமெரிக்க நிறுவனம் என்றால் அந்நாட்டுக் கல்வித் துறையின் இணையப் பட்டியலில் தேடுங்கள். ‘அங்கீகாரம் பெற்றது’ என்று கல்லூரியே சொல்வதை நம்பாதீர்கள். அங்கீகாரம் தந்த அமைப்பே போலியாக இருக்கலாம்.

2. ஆய்வேட்டின் தலைப்பையும் ஆண்டையும் பல்கலைக்கழக நூலகப் பட்டியலில் தேடுங்கள். நீரியல் பொறியியலில் பெற்ற பட்டம் உண்மையாகவே இருந்தாலும், மரபணு பற்றிப் பேச அது தகுதி ஆகாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

3. மேடையில் சொல்லும் அதே கருத்தைத் துறைசார் ஆய்விதழில் எழுதியிருக்கிறாரா? படைப்புவாத அமைப்புகளே நடத்தும் இதழ்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முன்முடிவை ஏற்றவர்களே அங்கே மதிப்பீட்டாளர்கள்.

ஒரு எச்சரிக்கை. படைப்புவாதியான கர்ட் வைஸ், ஹார்வர்டில் பரிணாம அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டிடம் பயின்று முனைவர் ஆனவர். பட்டத்தில் குறையே கிடையாது. ஆனால் எல்லாச் சான்றும் எதிராக நின்றாலும் வேதவாக்கின்படி படைப்புவாதியாகவே இருப்பேன் என்று அவரே எழுதியிருக்கிறார். ஆகவே பட்டம் சரி என்று தெரிந்தபின், பேச்சாளர் காட்டும் மேற்கோள் ஒன்றை எடுத்து மூலக் கட்டுரையில் முன்னும் பின்னும் உள்ள பத்திகளோடு படியுங்கள். வெட்டி ஒட்டியிருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.