ஹெபடைட்டிஸ் சி குணமானவருக்குப் பரிசோதனையில் மறுபடி ‘பாசிட்டிவ்’ வந்தால் பணியாளர் என்ன சொல்ல வேண்டும்?

அந்த முடிவை மட்டும் வைத்து, கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைட்டிஸ் சி திரும்பிவிட்டது என்று சொல்லக் கூடாது. சிகிச்சை முடித்தவரிடம் உங்கள் களப்பணியாளர் அப்படிச் சொல்லி, அவர் நிலைகுலைந்து போனதாக எழுதியிருந்தீர்கள். விரலில் குத்திப் பார்க்கும் துரிதப் பரிசோதனை காட்டுவது ஆன்டிபாடியை, அதாவது வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதத்தை. வைரஸ் போன பிறகும் அது பல ஆண்டுகள், பெரும்பாலும் ஆயுள் முழுக்க, ரத்தத்தில் இருக்கும். வைரஸ் இப்போது இருக்கிறதா என்பதை வைரஸின் மரபுப்பொருளையே தேடும் ஆர்.என்.ஏ பரிசோதனைதான் சொல்லும். சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்து அதில் வைரஸ் தென்படாவிட்டால் குணம்.

களப்பணியாளர்களுக்கான பயிற்சியில் இந்த இரண்டு பரிசோதனைகளையும் ஒரே மூச்சில் சொல்லிக் கடந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பலர் குழம்புவது அங்கேதான்.

இதைச் செய்து பாருங்கள்: ஆன்டிபாடி பாசிட்டிவ், ஆர்.என்.ஏ நெகட்டிவ் என்று ஒரு மாதிரி அறிக்கை எழுதிக் கொடுத்து, “இவரிடம் என்ன சொல்வீர்கள்?” என்று ஒவ்வொருவரையும் வாய்விட்டுப் பேசச் சொல்லுங்கள். தேர்வுத்தாளில் சரியாக எழுதுபவர்கள்கூட பேசும்போது தடுமாறுவார்கள். அப்புறம், சிகிச்சையே எடுக்காமல் வைரஸ் தானாக நீங்கியவர்களுக்கும் இதே முடிவு வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. குணமானவருக்குப் புதிதாகத் தொற்று வரலாம், இதற்குத் தடுப்பூசியும் இல்லை. அதனால் “ஒன்றுமில்லை” என்று அனுப்பிவிடாமல், ஊசி பகிர்தல் போன்ற ஆபத்து தொடர்ந்தால் ஆர்.என்.ஏ பரிசோதனைக்கே அனுப்பச் சொல்லுங்கள். முதலில் அந்த மனிதரிடம் போய்த் தவறைத் திருத்திச் சொல்லிவிடுங்கள், அவர் பயந்துகொண்டிருப்பார்.