யாருக்குச் சுலபம்?

கேள்வி: யூதர்களிடம் விவாகரத்து ரொம்பச் சுலபமாமே? கணவன் ஒரு சீட்டு எழுதி மனைவி கையில் கொடுத்தால் முடிந்ததாம். கோர்ட், வக்கீல் என்று வருஷக்கணக்கில் அலைவதற்கு இது தேவலை இல்லையா?

பதில்: சுலபம் என்று எழுதினீர்கள், யாருக்கு என்று எழுதவில்லையே!

அந்தச் சீட்டின் பெயர் கெட். அச்சடித்த படிவத்தில் பெயரை நிரப்பிக் கொடுத்தால் செல்லாது. இந்தக் கணவனுக்காக, இந்த மனைவிக்காக என்றே எழுத்தர் உட்கார்ந்து 12 வரிகளைக் கையால் எழுத வேண்டும். பெரும்பகுதி அரமேயம் என்ற பழைய மொழி. ஊரைச் சொன்னால் போதாது, அங்கே ஓடும் ஆற்றையும் சொல்ல வேண்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டதும், கணவன் அதை மடித்து அவள் ஏந்திய கைகளில் போடுவான். அவள் கையை மூடி, சீட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சில அடி நடப்பாள். அப்புறம் ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், அதை வாங்கிக் கிழித்துத் தங்களிடமே வைத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான், ஒரே நாளில் முடிகிற காரியம்.

அவன் கொடுக்க மாட்டேன் என்றால்? அங்கேதான் உங்கள் சுலபம் நிற்கிறது. அவளுக்குப் பெயர் அகுனா, கட்டிப்போடப்பட்டவள். கெட் இல்லாமல் வேறொரு யூதனோடு பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளை 'மம்சேர்'. மற்ற யூதர்களைப் போலக் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. அவன் வேறொரு கல்யாணமாகாத பெண்ணோடு பிள்ளை பெற்றால் அதற்கு இந்தக் கறை கிடையாது. இதைத் தெரிந்துகொண்டே 'வீட்டை எழுதிக் கொடு, ஜீவனாம்சம் கேட்காதே' என்று பேரம் பேசுகிறவர்கள் உண்டு. சுற்றியிருக்கும் பெரியவர்கள் அவளிடம்தான் வந்து 'கொஞ்சம் விட்டுக்கொடும்மா' என்பார்கள். இந்தச் சமரசப் பேச்சின் மேல் எனக்கு இருக்கும் கோபம் இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். இது வழிப்பறி.

'மதச் சட்டத்தில் யாரும் கைவைக்க முடியாது' என்று எனக்கு விடாமல் எழுதும் அன்பர்களும் இதைப் படிக்கட்டும். தூதனிடம் கெட்டை அனுப்பிவிட்டு, அது அவளிடம் சேருமுன் வேறு ஊரில் சபை கூட்டி ரத்து செய்யும் வழக்கம் இருந்தது. ரப்பன் கமாலியேல் என்ற ரபி முதல் நூற்றாண்டிலேயே அதைத் தடுத்தார். மனைவி சம்மதிக்காமல் விவாகரத்து இல்லை என்ற கட்டளை, சுமார் 1000-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மைன்ஸ் நகர ரபி ரப்பேனு கெர்ஷோம் பெயரில் வந்தது. கொடுக்கக் கடமைப்பட்டவன் மறுத்தால் 'சம்மதம்' என்று சொல்லும்வரை அடிக்கலாம் என்று 12-ஆம் நூற்றாண்டில் யூத சட்ட அறிஞர் மைமோனிடிஸ் எழுதினார். கைவைத்தவர்கள் எல்லாரும் ரபிகளே!

இஸ்ரேலில் 1953 முதல் யூதர்களின் கல்யாணமும் விவாகரத்தும் ரபி நீதிமன்றங்களின் கையில். 1995 சட்டப்படி, கெட் தர மறுப்பவனின் ஓட்டுநர் உரிமத்தை, பாஸ்போர்ட்டைப் பறிக்கலாம், சிறையிலும் போடலாம். சிறைக்கும் மசியாதவர்கள் உண்டு: அந்தச் சட்டம் வருமுன்பே ஒருவர் 30 வருஷத்துக்கு மேல் சிறையில் கிடந்து, கெட் கொடுக்காமலே செத்தார்.

கல்யாணத்துக்கு முன்பே ஓர் ஒப்பந்தம் போடுவதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி. பிரிந்த பிறகு கெட் விஷயத்தில் அவன் இழுத்தடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு டாலர் அவளுக்குத் தர வேண்டும். அமெரிக்க ரபிகள் கவுன்சில் 2016-இல் தன் உறுப்பினர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. தீவிர மரபுவாதச் சபைகள் பலவும் இன்னும் ஒதுங்கியே நிற்கின்றன. ரப்பேனு கெர்ஷோம் வாழ்ந்த வழியில் வாழ்வதாகச் சொல்லும் நீங்கள், அவர் செய்ததில் பாதியாவது செய்ய எதற்குத் தயங்குகிறீர்கள் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.