துபாய் மெய்தான் மைதானத்துக் குதிரைப் பந்தயத்துக்கு வாடகைக் கோட் வேண்டாம், தம்பி

கேள்வி: "துபாய் வேர்ல்ட் கப் குதிரைப் பந்தயத்துக்குக் கம்பெனியில் இரண்டு டிக்கெட் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு ராமநாதபுரம் பக்கம். கோட் சூட் இல்லாமல் உள்ளே விடுவார்களா? மனைவி சேலையில் வந்தால் ஒரு மாதிரி பார்ப்பார்களா?"

இதற்கு ஏற்கெனவே ஒருவர், "ஊர் வழக்கத்தை ஏர்போர்ட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்" என்று பதில் எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. நான் கீழக்கரைக்காரன். துபாயின் சத்வா பகுதியில் ஒரு தையல் கடையில் வருஷக்கணக்கில் கட்டிங் மாஸ்டராக நின்றவன். மார்ச் மாதம் பிறந்தால் இந்தப் பந்தயத்துக்கென்றே துணி வந்து குவியும். இப்போது ஊரில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன்.

கேட்டதற்கு முதலில் பதில். சேலை தாராளமாகக் கட்டலாம். கோட் வேண்டுமா என்பது உங்கள் டிக்கெட்டைப் பொறுத்தது. பொதுப் பகுதி என்றால் காலர் வைத்த சட்டை, நல்ல பேன்ட், மூடிய ஷூ போதும். சாப்பாட்டோடு மேல்தளத்தில் உட்காரும் இடம் என்றால் கோட் போட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பகுதி என்று டிக்கெட்டில் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யுங்கள். அந்த நாட்டுக்காரர்களே தங்கள் கந்தூராவில்தான், அந்த நீள அங்கியில்தான், வந்து உட்காருகிறார்கள். இங்கிலாந்தின் ராயல் ஆஸ்காட் பந்தயத்தில் ராயல் என்க்ளோஷர் என்ற தனிப் பகுதிக்குள் போக ஆண்களுக்கு உயரத் தொப்பி கட்டாயம். பெண்கள் தலையில் வைக்கும் அணியின் அடிப்பாகம் நாலு அங்குலமாவது இருக்க வேண்டும். அவ்வளவு கெடுபிடியான இடத்தில்கூட வெளிநாட்டு விருந்தினர் தங்கள் நாட்டு முறையான உடையில் வரலாம் என்று விதியிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். அப்படியிருக்க நம் ஆள் ஏன் கூச வேண்டும்? ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் பாண்டிய நாட்டுக் காயல் துறைக்கு வந்ததை மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். நம் கரைக்குக் குதிரையும் அரபு நாடும் நேற்று வந்த உறவு இல்லை.

என்னை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக வரும் வாடிக்கையாளர் ஒருவர் எனக்கும் மச்சானுக்கும் டிக்கெட் கொடுத்தார். கடை முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. "அங்கெல்லாம் தைத்தவன் போக மாட்டான், தைத்துப் போட்டவன்தான் போவான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்தச் சொல் இன்னும் எனக்கு ஆறவில்லை. அன்று ராத்திரியே கடல்நீலத்தில் டிராபிக்கல் உல்லன் (வெயிலுக்கேற்ற மெல்லிய கம்பளி) துணி வாங்கி, எனக்கு நானே அளவெடுத்து வெட்டினேன். உள்ளே முழு லைனிங் போடவில்லை, பாதிதான். காரணம் இருக்கிறது. முதல் பந்தயம் சாயங்கால வெயிலில் தொடங்கிவிடும். பெரிய பந்தயம், அந்த 2000 மீட்டர் ஓட்டம், இருட்டிய பிறகு விளக்கு வெளிச்சத்தில்தான். வெயிலில் போய் ராத்திரிக் குளிர்ச்சி வரைக்கும் ஒரே உடுப்பில் இருக்க வேண்டும். முழு லைனிங் போட்ட தடித்த கோட் என்றால் வாசல் தாண்டுவதற்குள் முதுகு நனைந்துவிடும்.

மச்சான் கேட்கவில்லை. பளபளவென்று ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தான். கை விரல் முட்டி வரைக்கும் இறங்கியது, தோள் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றது. கோட்டில் இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம், தோளை மட்டும் லேசில் மாற்ற முடியாது. பாவம், அவன் அதைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டேதான் பந்தயம் முழுக்கப் பார்த்தான். என் கோட்டைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரர் எங்கே தைத்தது என்று கேட்டார். நானே தைத்தது என்று தலை நிமிர்ந்து சொன்னேன். பின்னால் அவர் கடைக்கே வந்து அளவு கொடுத்தார். முதலாளி அப்போது வாயைத் திறக்கவில்லை.

தங்கச்சிக்கு (உங்கள் மனைவியைத்தான் சொல்கிறேன்) பரமக்குடிப் பட்டுப் பருத்திச் சேலை எடுங்கள். நம் மாவட்டத்துத் தறி, கனமில்லை, வெயிலுக்கும் தாங்கும். கனமான பட்டு வேண்டாம். மடிப்புகளைப் பின் குத்தி நிறுத்த வேண்டும், ராத்திரி காற்று வரும். முழங்கை வரை கை வைத்த ரவிக்கை தைத்தால் குளிருக்கும் உதவும், பார்க்கவும் நன்றாக இருக்கும். கூர்க் குதிகால் செருப்பு புல்தரையில் புதையும், பட்டைக் குதிகால் வாங்குங்கள். அங்கே பெண்கள் பெரிய பெரிய தொப்பி வைத்து வருவார்கள், அதற்குப் போட்டியும் பரிசும் உண்டு. சேலைக்குத் தொப்பி தேவையில்லை, தலையில் பூ வைத்தால் போதும்.

சிலர் உடனே "காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்), குதிரைப் பந்தயம் சூதாட்டமில்லையா, அதற்கு நீங்கள் ஆலோசனை சொல்லலாமா?" என்று வருவார்கள். நான் போனபோது அங்கே பணம் கட்டும் கவுன்டரே கிடையாது. குதிரை ஓடுவதைப் பார்த்தேன், வீட்டுக்கு வந்தேன். நான் மார்க்கம் சொல்ல வரவில்லை, துணி பற்றித்தான் சொல்கிறேன்.

துணி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் கடை போட்டதிலிருந்து மனசுக்குக் கஷ்டமாக இருப்பது இதுதான். ரமலான் நோன்பு பிறந்த நாளிலிருந்து கடை திறந்தே இருக்கும். ஆனால் நோன்பின் இருபத்தேழாம் நாள் தாண்டிய பிறகு துணியைக் கொண்டுவந்து, பெருநாள் தொழுகைக்கு வேண்டும் என்று நிற்கிறார்கள். தூங்காமல் தைத்து வைத்தால் சிலர் வாங்க வருவதே இல்லை, பீரோவில் மாதக்கணக்கில் தொங்குகிறது. மாலில் ஒட்டியிருக்கும் விலையைப் பேசாமல் கொடுப்பவர்கள், என்னிடம் தையல் கூலியில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்கிறார்கள். என்னிடம் இருந்த பையன்கள் இதனால்தான் ஊசியை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். இதைக் கேட்க ஆளில்லை.

சரி, உங்கள் விஷயம். பந்தயம் பெரும்பாலும் மார்ச் கடைசிச் சனிக்கிழமை. 2025இல் ஏப்ரல் 5க்குத் தள்ளிப் போனது, அதனால் தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கோட் தைப்பதாக இருந்தால் மூன்று வாரம் முன்னதாகவே துணியைக் கொடுங்கள். தோள் தையல் தோள் எலும்பில் முடிய வேண்டும், கோட்டுக் கைக்குக் கீழே சட்டைக் கை அரை அங்குலம் தெரிய வேண்டும். ட்ரையலுக்குப் போகும்போது அன்றைக்குப் போடப்போகும் ஷூவையே போட்டுக்கொண்டு போங்கள். பேன்ட் உயரம் அதை வைத்துத்தான் வெட்டுவார்கள்.