வாடகையில் கடன் அடையுமா?

உள்ளாட்சி நிதி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பழைய சந்தையை இடித்துவிட்டு 50 கடைகளோடு வணிக வளாகம் கட்டப்போகிறது எங்கள் நகராட்சி. 5 கோடி ரூபாய் கடனாம். வாடகையிலேயே அடைந்துவிடும் என்கிறார்கள். நம்பலாமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள். 5 கோடியை 9 சதவீத வட்டியில் 15 ஆண்டுகளுக்குச் சம தவணையாகக் கட்டினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 62 லட்சம் போகும். 50 கடையும் மாதம் 10,000 ரூபாய்க்குப் போனால் வருவது 60 லட்சம். ஒரு கடைகூடக் காலியில்லை என்றாலும் 2 லட்சம் துண்டு விழுகிறது. துப்புரவு, பொது விளக்கு, பழுதுபார்ப்பு எல்லாம் தனி. பத்துக் கடை காலியாகக் கிடந்தால் வருமானம் 48 லட்சம்தான்.

காலியாகக் கிடப்பது பெரும்பாலும் மாடிக் கடைகள். கத்தரிக்காய் வாங்க வருகிறவர் படியேற மாட்டார். திட்ட அறிக்கையிலோ எல்லாத் தளத்துக்கும் ஒரே வாடகை போட்டிருக்கும். இன்னொரு தவறு, ஏலத்துக்கான குறைந்தபட்ச வாடகையைக் கடன் தவணையைப் பார்த்து முடிவு செய்வது. பக்கத்துத் தெருவில் தனியார் கடை என்ன வாடகைக்குப் போகிறதோ, அதுதான் அளவுகோல். அதைத் தாண்டி வைத்தால் ஏலம் கேட்க ஆள் வராது. மறு ஏலம், மறுபடியும் மறு ஏலம் என்று ஆண்டு ஓடும், வட்டியும் ஓடும்.

கடைக்காரர்கள் கட்டும் வைப்புத்தொகையை வருமானமாகக் காட்டியிருந்தால் அந்தக் கணக்கை ஒதுக்கிவிடுங்கள். கடை காலியாகும்போது திருப்பித் தரவேண்டிய பணம் அது.

மன்றத் தீர்மானம், நிர்வாக அனுமதி ஆணை, கடன் ஒப்பந்தம் மூன்றின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மானியம் எவ்வளவு, கடன் எவ்வளவு, சொந்த நிதி எவ்வளவு என்பது ஆணையில் இருக்கும். ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது ஒன்றே: கடனுக்கு ஈடு என்ன? வளாகத்தின் வாடகை மட்டுமா, ஊரின் சொத்து வரியுமா? சொத்து வரி என்றால், மாடிக் கடை காலியாகக் கிடக்கும் நட்டத்தைத் தெருவிளக்குப் பணத்திலிருந்து நீங்கள்தான் கட்டுகிறீர்கள்.

கேள்வி: நகராட்சிக் கடைக்கு வாடகையோடு ஜிஎஸ்டியும் கேட்கிறார்கள். சரிதானா? — பெயர் வெளியிட விரும்பாத கடைக்காரர்

சரிதான், 18 சதவீதம். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவரானால் நகராட்சியிடம் கட்ட வேண்டாம். எதிர்முறைக் கட்டணமாக (வாங்குபவரே வரி கட்டும் முறை) நீங்களே அரசுக்கு நேரடியாகச் செலுத்த வேண்டும். பதிவு இல்லையென்றால் நகராட்சி வசூலித்துக் கட்டும். இரண்டு பக்கமும் கட்டிவிட்டுத் தவிக்கிறவர்கள் உண்டு. உங்கள் பதிவு எண்ணை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

கேள்வி: வங்கிக் கடனுக்குப் பதில் நகராட்சியே கடன்பத்திரம் வெளியிடலாமே?

பெரிய மாநகராட்சிகளுக்கு முடியும். ஆமதாபாத் 1998-இல் மாநில அரசின் உத்தரவாதம் இல்லாமல் 100 கோடி திரட்டியது. மதுரை 2001-இல் உள்வட்டச் சாலைக்காக 30 கோடி திரட்டியது. சென்னை மாநகராட்சி 2025-இல் 7.97 சதவீத வட்டியில் சுமார் 200 கோடி எடுத்தது.

சின்ன நகராட்சிக்குச் சிக்கல் வேறு. கடனைத் திருப்பிக் கட்டும் திறனுக்கான தரமதிப்பீடு, சட்ட ஆலோசனை, பங்குச் சந்தையில் பட்டியலிடும் செலவு எல்லாம் கடன் சிறிதானாலும் குறையாது. 5 கோடிக்கு அது கட்டுப்படியாகாது. அதற்குத் தமிழ்நாடு 2002-03-இல் ஒரு வழி கண்டது: பத்துக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகளின் குடிநீர், சுகாதாரத் திட்டங்களைச் சேர்த்து ஒரே பத்திரமாக 30.41 கோடி திரட்டியது. 15 ஆண்டுத் தவணை, 9.20 சதவீதம். தவணை தவறினால் உள்ளாட்சிகளுக்கு மாநில அரசு தரும் நிதிக்குழு மானியத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும், அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் பன்னாட்டு வளர்ச்சி நிறுவனமான யுஎஸ்எய்டின் (USAID) உத்தரவாதமும் இருந்ததால்தான் முதலீட்டாளர்கள் வந்தார்கள்.

மக்களிடமே திரட்டுவதும் உண்டு. ஆலந்தூர் நகராட்சி பாதாளச் சாக்கடைக்கு வீட்டுக்கு 5,000, வணிகக் கட்டடத்துக்கு 10,000 என்று முன்கூட்டியே வைப்புத்தொகை வாங்கியது. சாக்கடை இணைப்பு என்றால் வீட்டுக்காரர் கொடுப்பார். வணிக வளாகத்துக்குக் கேட்டுப் பாருங்கள்!

கேள்வி: சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். நகராட்சி ஏன் நூலகம் கட்டுவதில்லை?

அந்தப் பணம் நகராட்சியுடையதல்ல. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா வீதம் வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்புவதே அதன் வேலை. மனுவை அங்கே கொடுங்கள். நகராட்சியிடம் கேட்க வேண்டியது, வசூலித்ததை அனுப்பியாயிற்றா என்பதை.

கேள்வி: ஊராட்சியில் சமுதாயக்கூடம் கட்ட ஊரார் பணம் போடத் தயார். நமக்கு நாமே திட்டத்தில் எவ்வளவு தர வேண்டும்?

மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மிகுதியாக வாழும் பகுதிகளில் ஐந்தில் ஒரு பங்கு. 12 லட்சம் என்றால் 4 லட்சம், அல்லது 2.4 லட்சம். முதலில் இடம் ஊராட்சியின் பெயரில் இருக்க வேண்டும்; தனியார் இடமானால் தானப்பத்திரம் பதிவு செய்துவிட்டுத்தான் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் விண்ணப்பம். பணத்தை யாரிடமும் கையில் கொடுக்காமல் வரைவோலையாகக் கொடுங்கள். மதிப்பீடு அரசின் நடப்பு ஆண்டு விலைவிகிதப் பட்டியல்படி இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய விகிதத்தில் போட்டால் ஒப்பந்தம் எடுக்க ஆள் வராது. திருத்திய மதிப்பீட்டில் உங்கள் பங்கும் ஏறும்.