மாசியும் மரக்கட்டையும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் ஜப்பானில் கியோட்டோ போயிருந்தோம். ஓர் அம்மாள் தன் வீட்டு அடுப்படியிலேயே பயணிகளுக்கு மூன்று மணி நேரம் சமையல் சொல்லித்தருகிறார். மிசோ என்ற புளித்த சோயா விழுதில் சூப்பும், முட்டைச் சுருளும் கற்றேன். மரக்கட்டை போன்ற காய்ந்த மீனை அவர் சீவியபோது எழுந்த மணம் அற்புதம். எங்கள் குடியிருப்பில் யாராவது கருவாடு வறுத்தால் ஜன்னலைச் சாத்துபவள் நான், எனக்கே பிடித்துப்போனது! ஆனால் அதே பொருள்களை வைத்துத் தாம்பரத்தில் செய்தால் அந்தச் சுவை வரவில்லை. இந்த வகுப்புகள் வெறும் சுற்றுலா வேடிக்கைதானா?

ம.

அன்புள்ள ம.,

வேடிக்கையாகவே இருக்கட்டும், போகலாம். சுவை வராததற்குத் தண்ணீரைச் சந்தேகியுங்கள். கியோட்டோவில் மென்னீர், கொம்புவின் சாரம் அதில் சுலபமாக இறங்கும். (கொம்பு என்றால் அந்தச் சூப்புக்குச் சாறெடுக்கும் கடற்பாசி, மாட்டைத் தேட வேண்டாம்.) ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீரில் அவ்வளவாக இறங்காது. தண்ணீர் கொதிக்கும் முன்பே பாசியை எடுத்துவிடவும் வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது ஜன்னல் வரியில்தான். அந்த மரக்கட்டையின் பெயர் கட்சுவோபுஷி. சூரை மீனை வேகவைத்து, முள் நீக்கி, புகையில் வாட்டி, உயர்ந்த வகையென்றால் மேலே பூஞ்சணமும் படரவிட்டு, மாதக்கணக்கில் காயவைப்பார்கள். பூஞ்சணத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது என்ன? மாசி, அம்மா, மாசி! அதே சூரையைத்தான் மாலத்தீவிலும் லட்சத்தீவின் மினிக்காயிலும் வேகவைத்துப் புகையூட்டிக் காயவைக்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கிய பயணி இப்னு பதூதா, அது இந்தியாவுக்கும் சீனத்துக்கும் யேமனுக்கும் கப்பலேறியதை எழுதியிருக்கிறார். ஜப்பானியர்கள் தங்கள் மீனை விடவில்லை. 1908இல் வேதியியலாளர் கிக்குனாயே இக்கேடா கொம்புவில் குளுட்டாமிக் அமிலத்தைப் பிடித்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். 1913இல் அவருடைய மாணவர் ஷிந்தாரோ கொடாமா கட்சுவோபுஷியில் அதே சுவை தரும் இனோசினிக் அமிலத்தைக் கண்டார். ஆய்வகத்துக்குப் போன சூரைக்குக் கட்டணம் கட்டி மூக்கை நீட்டுகிறீர்கள். உரலுக்குப் போன சூரைக்கு ஜன்னலைச் சாத்துகிறீர்கள்.

தூத்துக்குடியில் என் ஆச்சி மாசி வாங்கும்போது இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பாள். கணீரென்றால் காசு, பொத்தென்றால் திருப்பிக் கொடுத்துவிடுவாள். கட்சுவோபுஷியையும் தட்டித்தான் பார்க்கிறார்கள் என்று பின்னாளில் அறிந்தபோது அவளிடம் சொல்ல ஆசைப்பட்டேன், அவள் இல்லை. நான் கல்லூரி விடுதிக்குப் புறப்பட்டபோது மிளகாய் வற்றல் சேர்த்து இடித்த மாசிப்பொடியை ஒரு புட்டியில் அடைத்துத் தந்தாள். அறை நண்பர்கள் மூக்கைப் பொத்துவார்களே என்று பயந்து, ரயில் நிலையக் குப்பைத்தொட்டியிலேயே அதைப் போட்டுவிட்டேன். விடுமுறையில் போனதும், “பொடி பத்தாமல் போயிருக்குமே” என்று கவலைப்பட்டாள். ஆமாம், ஒரே வாரத்தில் தீர்ந்துவிட்டது என்றேன்.

அடுத்த பயணத்துக்கு இரண்டு புட்டிகள் கட்டிவைத்தாள்.