இடக்கையை மாற்றாதீர்கள், இடத்தை மாற்றுங்கள்

கேள்வி: ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறையில் மூன்று மாதமாக வேலை கற்கிறேன். இடக்கைப் பழக்கம். கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணக் கலவை ஊற்றும்போது கை நடுங்குகிறது. பச்சை வழிந்து மஞ்சள் கட்டத்துக்குள் போய்விடுகிறது. சட்டமும் வண்ணக் கிண்ணங்களும் எனக்கு வலப்பக்கம் இருப்பதால், கையைக் குறுக்கே நீட்டித்தான் ஊற்றுகிறேன். வீட்டில் மடியருகே வைத்து ஊற்றிப் பார்த்தால் நடுக்கமே இல்லை. "சோத்துக்கைக்கு மாறு, சரியாயிடும்" என்கிறார் மேஸ்திரி. மாறலாமா? இது நரம்புக் கோளாறா?

பதில்: தம்பி, விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மடியருகே வராத நடுக்கம் நீட்டினால் வருகிறது. அப்படியானால் கை இருக்கும் நிலையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். மணிக்கட்டை உள்பக்கம் நன்றாக மடக்கிக்கொண்டு, விரல்களை இறுக மூடுங்கள். பிடி கிடைக்காது. விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் விரலுக்கு வருகின்றன. மணிக்கட்டு மடங்கினால் நாண் தளர்ந்துவிடும். கிண்ணத்துக்கு மேலே எட்டி ஊற்றும்போது உங்கள் மணிக்கட்டும் அப்படித்தான் மடங்கும்.

தோளுக்கும் இதில் பங்கு உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கர் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1985இல் மண்டையோட்டுக்கு வெளியிலிருந்தே காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டிக் காட்டினார்கள். அந்த முறையில் பின்னால் செய்த சோதனைகளில், கை சும்மா இருந்தாலும் தோளின் நிலை மாறினால் போதும், அதே துடிப்புக்கு விரல் தசை தரும் பதிலும் மாறியது. தோள் எங்கே இருக்கிறது என்ற செய்தியையும் சேர்த்துக்கொண்டுதான் மூளை விரலுக்குக் கட்டளை அனுப்புகிறது. போதாததற்கு, நீட்டிய கையின் பாரமும் கரண்டியின் பாரமும் தோளில்தான் இறங்குகின்றன. தோளில் ஏற்படும் சின்ன ஆட்டம் கரண்டி நுனிக்கு வரும்போது பெரிதாகிவிடும்.

கை மாற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இடக்கையை ஆள்வது பெரும்பாலும் வலப்பக்க மூளை. மூளையிலிருந்து கைக்குக் கட்டளை கொண்டுவரும் நரம்பிழைகளில் பெரும்பகுதி, மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் குறுக்கே கடந்து மறுபக்கம் போகிறது. சிறுவயதில் வலக்கைக்கு மாற்றி எழுதப் பழக்கப்பட்டவர்களின் மூளையை வளர்ந்தபின் படமெடுத்துப் பார்த்தபோது, வலக்கையால் எழுதுகையிலும் அவர்களின் வலப்பக்க மூளை வேலை செய்துகொண்டிருந்தது. பழக்கம் மாறினாலும் அடியில் இருந்த சாய்வு அழியவில்லை. "பீச்சாங்கை" என்று யாராவது கேலி செய்தால் காதில் வாங்காதீர்கள்.

மேஸ்திரியிடம் இதைக் கேளுங்கள்: "அண்ணே, கையை மாத்தல, கிண்ணத்தை மட்டும் இடப்பக்கம் மாத்திக்கிறேன்." சட்டத்தை உங்கள் நெஞ்சுக்கு நேரே கொண்டுவாருங்கள். முழங்கை விலாவை ஒட்டி இருக்கட்டும். தூரத்து மூலைக்குக் கையை நீட்டாதீர்கள். கண்ணாடியோடு சட்டத்தை மெல்லத் திருப்பி அந்த மூலையைக் கிட்டே கொண்டுவாருங்கள். சுண்டுவிரலைச் சட்டத்தின் விளிம்பில் லேசாக ஊன்றி ஊற்றுங்கள். கரண்டியின் மூக்கு ஒருபக்கமாக இருந்தால், எதிர்ப்பக்கம் மூக்கு வைத்த ஒன்று செய்துகொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்குள் வித்தியாசம் தெரிய வேண்டும்.

தெரியாவிட்டாலோ, சும்மா இருக்கும்போதும் கை நடுங்கினாலோ, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனாலோ, பொருட்கள் கைநழுவினாலோ தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.