மார்ச் வெயிலை நம்பிப் புதினா நட வெளிக்கிடாதேங்கோ

தம்பி, கொட்டாஞ்சேனையில இருந்து லண்டன் வந்து கொஞ்ச நாள்தான் எண்டுறீங்கள், பின்வளவில புதினா எப்ப நடலாம், அம்மாவிட்டச் சொல்லி வேரோட எடுப்பிக்கலாமோ, பஸ், ரெயினுக்குக் காசு கட்டுற ஓய்ஸ்டர் கார்ட் எங்க எடுக்கிறது எண்டு கேட்டிருக்கிறீங்கள். கார்ட் விஷயம் ஸ்டேஷனில கேட்டாலே சொல்லுவினம், நான் புதினாவுக்கு வாறன்.

மார்ச் கடைசியில மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவினம், வெயிலும் பளிச்செண்டு அடிக்கும், கொழும்பு ஆக்களுக்கு வெயில் எண்டா சூடு, இஞ்ச அப்பிடி இல்லை, மண் குளிர்ந்துபோய்க் கிடக்கும், விடியப் பாத்தா புல்லெல்லாம் உறைபனி. வெளியில வளர்ந்த கண்டெண்டா ஏப்ரலில வையுங்கோ, வீட்டுக்குள்ள வளர்ந்ததெண்டா மே நடுப்பகுதி மட்டும் பொறுங்கோ, அதுக்கு முதல் ஒரு கிழமை பகலில வெளிய வச்சு இரவில உள்ள எடுங்கோ. வேர் பிடிச்சிட்டா பயமில்லை. குளிர்காலத்தில மண்ணுக்கு மேல நிக்கிறதெல்லாம் கருகும், செத்துப்போச்செண்டு பிடுங்கி எறியாதேங்கோ, வசந்தத்தில திரும்ப முளைக்கும்.

ஆனா நிலத்தில மட்டும் நடவே நடாதேங்கோ, தொட்டியில வையுங்கோ! வாடகை வீடெல்லோ. மண்ணுக்குள்ளால ஓடி வேலிக்கு அங்கால பக்கத்து வீட்டிலயும் முளைக்கும். நான் முதல் இருந்த வீட்டில எனக்கு முன்னம் இருந்த ஆக்கள் நட்டது வளவு முழுக்கப் பரவிக் கிடந்தது, நான் வெளிக்கிடேக்க அதைத் துப்புரவாக்க எண்டு என்ர டெபாசிட்டில வெட்டினார் வீட்டுக்காரர், இண்டைக்கும் அந்தக் கோவம் போகேல்லை. வீட்டுக்குப் போன அண்டைக்கே வளவைப் போட்டோ எடுத்து வையுங்கோ.

ஊரில இருந்து எடுப்பிக்கிறதும் வேண்டாம். சீலைக்குள்ள சுத்திக் கொண்டு வரலாம் எண்டு எங்கட ஆக்கள் சிலர் சொல்லுவினம், கண்டில நோய், பூச்சி இல்லை எண்டு அரசாங்கம் குடுக்கிற தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாட்டிப் பறிச்சுப் போடுவாங்கள், சொன்ன ஆக்கள் அண்டைக்கு எயார்போட்டுக்கு வரமாட்டினம். தமிழ்க் கடையில ஒரு கட்டு வாங்கி, கீழ் இலையை எடுத்துப்போட்டு நல்ல தண்டு நாலைத் தண்ணிக் கிளாசில விடுங்கோ, ஒண்டு ரெண்டு கிழமையில வேர் வந்திடும். விதை போட்டு மினக்கெடாதேங்கோ.

வெள்ளவத்தையில எங்கட வீட்டுப் பைப்படியில வருசம் முழுக்க நிக்கும், அம்மா பின்னேரத்தில ஒரு பிடி புடுங்கித்தான் வடைக்குச் சம்பல் அரைப்பா. நான் இஞ்ச வந்து இறங்கினது நவம்பரில, நாலு மணிக்கே இருட்டு, பச்சையா ஒண்டும் கண்ணில படாது, சம்பலுக்கு அலைஞ்ச அலைச்சல் எனக்குத்தான் தெரியும். இப்ப குசினி வாசலில தொட்டி தொட்டியா நிக்குது, வடை சுடுற நாளில இந்தத் தெருச் சனம் என்னட்டத்தான் புதினா கேட்டு வருது.